டால்டனின் கண்கள்

ஜான் டால்டன் என்றதும் அணுக்கொள்கைதான் ஞாபகம் வரும். பள்ளிக்கூடத்தில் பலருக்கு மதிப்பெண் தந்தவர், சிலரிடம் பறித்தவர்! அந்த ஆங்கிலேய மேதைக்குத் தன் பார்வையில் ஒரு குறை இருப்பதே 26 வயது வரை தெரியாது.

1792-ல் ஒருநாள் மெழுகுவத்தி வெளிச்சத்தில் ஒரு ஜெரேனியப் பூவைப் பார்த்தார். பகலில் வான நீலமாகத் தெரிந்த பூ, இப்போது சிவப்பாக இருந்தது. நண்பர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர்களுக்குப் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. பகலிலும் அது அவர்களுக்கு இளஞ்சிவப்புப் பூதான். டால்டனுக்குத் தெரிந்தது போலவே தெரிந்தது அவருடைய சகோதரருக்கு மட்டும்தான்.

அதுவரை, ஊரார்தான் நிறங்களுக்குப் பொருந்தாத பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாராம் மனிதர். சிரிக்க வேண்டாம். அடுத்தவர் கண்ணுக்குள் புகுந்து பார்க்க யாரால் முடியும்?

1794-ல் மான்செஸ்டர் அறிஞர் சபையில் இதை விளக்கினார். தன் கண்ணுக்குள் இருக்கும் திரவம் நீலச்சாயம் ஏறியிருக்கும் என்பது அவர் கணிப்பு. 'நான் இறந்ததும் கண்ணை எடுத்துச் சோதியுங்கள்' என்று சொல்லியும் வைத்தார். 1844-ல் அவர் இறந்த பிறகு மருத்துவர் பார்த்தார். திரவம் தெளிவாக இருந்தது. கணிப்பு தவறு!

ஆனால், அந்தக் கண்ணைத் தூக்கிப் போடாமல் பத்திரப்படுத்தியிருந்தார்கள். 1995-ல் அதிலிருந்து டி.என்.ஏ. எடுத்துப் பார்த்தபோது விடை கிடைத்தது. நம் விழித்திரையில் நிறம் அறிய மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. அவை அனுப்பும் செய்திகளை ஒப்பிட்டுத்தான் மூளை நிறத்தை முடிவு செய்கிறது. பச்சைப் பகுதி ஒளிக்கு அதிகம் தூண்டப்படும் கூம்புக்கான மரபணு டால்டனிடம் இல்லை. ஒப்பிட ஒரு கணக்கு குறைந்தால் சிவப்பும் பச்சையும் குழம்பிப் போகும்.

இந்த மரபணு இருப்பது எக்ஸ் குரோமோசோமில். பெண்களுக்கு அது இரண்டு. ஒன்றில் பழுதிருந்தாலும் மற்றது பெரும்பாலும் சமாளித்துவிடும். ஆண்களுக்கு ஒன்றே ஒன்று. அதனால்தான் இந்தக் குறை ஆண்களிடம் அதிகம். நன்றாகப் பார்க்கும் அம்மாவிடமிருந்தே மகனுக்கு வந்து சேரலாம்.

உங்கள் வீட்டுப் பையன் இலைக்குப் பழுப்பு வண்ணம் தீட்டுகிறானா? 'கவனம் எங்கே?' என்று அதட்டுவதற்கு முன் கண் மருத்துவரிடம் காட்டுங்கள். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளைக் காட்டிச் சில நிமிடங்களில் சோதித்துவிடுவார். முடிவு தெரிந்தால், பென்சில்களில் நிறத்தின் பெயரை எழுதி ஒட்டிக் கொடுக்கலாம். வகுப்பு டீச்சரிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். வரைபடத்தில் சிவப்புக் கோட்டையும் பச்சைக் கோட்டையும் பிரித்துக் காட்டச் சொன்னால் அவன் என்ன செய்வான்?