பச்சை நிறம் யாரை ஏமாற்றுகிறது?



அண்மையில் ஓர் ஆசிரியர் கூட்டத்தில், குறைநீக்கல் வகுப்புக்கான பத்து வாரத் திட்டம் திரையில் காட்டப்பட்டது. மைக்ரோசாஃப்ட் புரோஜெக்ட் மென்பொருளில் வரையப்பட்ட அட்டவணை அது. ‘90 விழுக்காடு நிறைவு’ என்றிருந்தது. அனைவரும் கைதட்டினர், நானும் தட்டினேன். மறுநாள் அதே வகுப்பில் ஒரு சிறுவன் ‘கொக்கு’ என்னும் சொல்லைக் கூட்டிப் படிக்க இயலாமல் என் முகத்தைப் பார்த்து நின்றான்.

பிழை மென்பொருளுடையதன்று. அந்த விழுக்காடு கால அளவைக் கொண்டு கணிக்கப்படுவது. பத்து வாரத்தில் ஒன்பது வாரம் கடந்ததாகப் பதிந்தால் 90 என்றே காட்டும். பிள்ளை கற்றானா என்பதை அது எப்படி அறியும்? தைப்பூசத்தன்று பினாங்கே தண்ணீர்மலையில் திரண்டு நிற்கும். மென்பொருளின் பொது நாட்காட்டியோ, நாம் விடுமுறையைப் பதியாவிட்டால், அதையும் வேலை நாளாகவே எண்ணும். நாம் சொல்லாத எதுவும் அதற்குத் தெரியாது.

சொல்வதற்கு வழி இருக்கிறது. நாமே பெயரிட்டு, நாமே வாய்பாடு எழுதிக்கொள்ளும் புலங்கள் அதில் உள்ளன. எண்களுக்கு மட்டும் இருபது. ஒவ்வொரு மாணவனுக்கும் ஒரு வரி அமைத்து, அவன் அறிந்த எழுத்துகளின் எண்ணிக்கையைப் பதிந்து, 247ஆல் வகுக்கச் செய்யலாம்.

அங்கும் ஒரு பொறி உண்டு. நால்வர் முறையே 240, 240, 230, 90 எழுத்துகளை அறிந்துள்ளனர் எனக் கொள்வோம். சராசரி 200, அதாவது 81 விழுக்காடு. எண்பதைத் தாண்டினால் பச்சை என விதித்திருந்தால், பச்சை விளக்கு எரியும். தொகுப்பு வரியில் சராசரிக்குப் பதிலாகக் ‘குறைந்த அளவு’ என்பதைத் தேர்ந்தால் 36 விழுக்காடு, சிவப்பு. பிள்ளைகள் அதே நால்வர்தாம். மாறியது நம் தேர்வு மட்டுமே.

சிவப்பு தெரிந்தால் பள்ளியின் பெயர் கெடும் என்பார்கள். 1816ஆம் ஆண்டிலேயே தமிழ் வகுப்பு தொடங்கிய மண் இது. நம் பெயரைக் காப்பது பிள்ளையின் வாசிப்பா, திரையின் வண்ணமா?

ஆசிரியர்களே, அடுத்த அறிக்கையில் குறைந்த அளவையே முதல் வரியில் இடுங்கள். பெற்றோர்களே, விழுக்காட்டைக் கண்டு மகிழுமுன், “இஃது எதை எதால் வகுத்து வந்தது?” என்று ஒருமுறை கேளுங்கள். அன்று நான் கேட்கவில்லை.