மவ்லா என்ற ஒரு சொல்

கி.பி. 632-ல் ஹஜ் முடித்துத் திரும்பும் வழியில், கதீர் கும் என்ற இடத்தில் நபிகள் நாயகம் அலியை 'மவ்லா' என்று குறிப்பிட்டார்கள். இரு தரப்பு நூல்களிலும் இது இருக்கிறது. சண்டை பொருளில்தான். சுன்னிகளுக்கு அது 'நேசத்துக்குரியவர்'. ஷியாக்களுக்கு 'தலைவர்', அதாவது அடுத்த வாரிசு.

அதே ஆண்டு நபிகள் மறைந்ததும் அபூபக்கர் கலீஃபா ஆனார். பிறகு உமர், உஸ்மான், நான்காவதாக அலி. நால்வருமே நேர்வழி நடந்தவர்கள் என்பது சுன்னிகளின் நம்பிக்கை. முதல் மூவரும் அலியின் உரிமையை எடுத்துக்கொண்டார்கள் என்பது பெரும்பாலான ஷியாக்களின் வாதம். ஆனால் ஏமனில் வாழும் ஸைதி ஷியாக்களில் பலர், அலியே சிறந்தவர் என்று சொல்லிக்கொண்டே அபூபக்கரையும் உமரையும் ஏற்றிருக்கிறார்கள்.

656-ல் தாம் கலீஃபாவாகும் வரை அலி அந்த மூவருக்கு எதிராக வாள் எடுக்கவில்லை. அவரே வாளால் தீர்க்க நினைக்காத ஒரு வழக்குக்காக, ஏறத்தாழ 1,400 ஆண்டுகள் கழித்து ஒருவரையொருவர் காஃபிர் என்பது என்ன நியாயம்?