எழுத்துக்குப் பூட்டு, இனத்துக்கு இழப்பு!

எழுத்து எவருடைய உடைமை? ஏர் பிடித்தவனுக்கும் ஏடு எழுதியவனுக்கும் பொதுவாய் வந்த 247 எழுத்துகளை எந்த முதலாளி எவரிடம் விலைகொடுத்து வாங்கினான்? எவனும் வாங்கவில்லை. ஆயினும், கணினி வந்தபின் அவ்வெழுத்துகளைத் தனித்தனிப் பூட்டுக்குள் வைத்து விற்றனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'சந்தைப் போட்டி'!

1990களில் சென்னையில் நடந்ததை எண்ணிப் பார்த்தல் வேண்டும். பதிப்பகங்கள் நிறைந்த தியாகராயநகரிலும், மாடவீதிகளை அடுத்த மயிலைச் சந்துகளிலும், அடையாற்றிலும் ஈய எழுத்து ஓய்ந்து கணினி அச்சுக்கோப்பு வந்தது. நூலாசிரியன் ஒரு கடையில் தட்டெழுதுவித்த தன் நூலை நெகிழ்வட்டில் எடுத்துக்கொண்டு அடுத்த தெருக் கடைக்குப் போனால், அங்குத் திரையில் தமிழ் இராது. பாமினி எழுத்துருவில் அடித்த 'தமிழ்' என்னும் சொல், அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் சே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாய் இளித்தது. தமிழின் பெயரையே தமிழாய்க் காட்ட மாட்டாத நிலைக்குத் தமிழ்க் கணிமை என்று பெயர்!

கரணியம் என்ன? கணினிக்கு எழுத்துத் தெரியாது, எண்தான் தெரியும். அக்கால எழுத்துருவில் இருந்தவை 256 இடங்கள். பாதி ஆங்கிலத்துக்குப் போனால், எஞ்சிய இடத்துள் 247 எழுத்தும் அடங்கா. எனவே கால், கொம்பு என உறுப்புகளாய்ப் பிரித்து அடுக்கினர். பிரித்தது குற்றமன்று, ஆளாளுக்கு வேறுவேறாய் அடுக்கியதே குற்றம். 'க'வுக்கு ஒருவன் ஓர் எண் கொடுத்தான்; மற்றொருவன் வேறோர் எண் கொடுத்தான். பூனாவிலிருந்து வந்த சிரீலிபி ஒரு வழி; வானவில் ஒரு வழி; பாமினி ஒரு வழி. விசைப்பலகையும் ஆளுக்கொன்று. சில தொகுப்புகளுக்கு வன்பூட்டு வேறு! ஒன்றை வாங்கியவன் அதை விட்டு அகல முடியாது. அகன்றால் அவன் எழுதியவை அத்தனையும் குப்பை. வாங்குவோனைத் தரத்தால் ஈர்ப்பது போட்டி. அவன் எழுதியதைப் பிணையாய்ப் பிடித்துவைப்பது போட்டியா?

'முதலிட்டவன் ஊதியம் பார்க்க வேண்டாவா?' என்பார் உளர். பார்க்கட்டும்! எழுத்தின் அழகை விற்கட்டும், பிழைதிருத்தியை விற்கட்டும், பக்க அமைப்பின் விரைவை விற்கட்டும். எழுத்தின் எண்ணை விற்க எவனுக்கும் உரிமையில்லை. அமெரிக்க முதலாளிகளைப் பாருங்கள்! ஆப்பிளும் மைக்ரோசாப்ட்டும் சந்தையில் ஒன்றையொன்று வீழ்த்த முனைந்தவை. அவையே 1991இல் ஒருங்குறி அமைப்பில் ஒன்றாய் அமர்ந்து, உலக எழுத்துகளுக்கெல்லாம் பொது எண் வகுக்கத் துணைநின்றன. பாதை பொதுவாய் இருந்தால்தான் எல்லார் வண்டியும் ஓடும் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. தமிழை விற்றவர்களுக்குத் தெரியவில்லை!

அவ்வொருங்குறியும் குறையற்றதன்று. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு இசுக்கி அமைப்பைப் பின்பற்றியதால், அகரமேறிய 'க'வுக்கு ஓர் எண்ணும், தமிழிலக்கணம் முதலெழுத்தாய்க் கொள்ளும் 'க்'குக்கு இரண்டு எண்களும் ஆயின. எண் வகுத்த நாளில் தமிழர் ஒன்றுபட்டுக் குரல் கொடுக்காததன் விளைவு அது. ஆயினும் மேடுபள்ளமான பொதுப்பாதை, பூட்டிய தனிப்பாதையினும் மேல்.

வணிகர் மட்டுமா குற்றவாளிகள்? 1999 பிப்ருவரியில் தமிழக அரசு சென்னையில் கூட்டிய தமிழிணையம்-99 மாநாடு, தமிழ்-99 விசைப்பலகையையும் 'தாம்', 'தாப்' என்னும் குறியேற்றங்களையும் முன்வைத்தது. மறுபுறம் இணையத்தமிழர் வகுத்த 'திசுக்கி' நின்றது. ஒன்றாக்க வந்தவையே மூன்றாயின! விண்டோசு 2000இலேயே ஒருங்குறித் தமிழ் வந்துவிட்டது. தமிழக அரசு ஒருங்குறியை ஆணையாக்கியதோ 2010இல். இடையில் கரைந்த பத்தாண்டு எவர் கணக்கில் எழுதப்படும்?

அவ்விருளிலும் விளக்கேற்றியோர் இருந்தனர். சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த அறிவியலர் கல்யாணசுந்தரம் 'மயிலை' எனப் பெயரிட்ட எழுத்துருவை விலையின்றி வழங்கினார். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், பழந்தமிழ் நூல்களைத் தொண்டர்களின் உழைப்பால் கணினியில் ஏற்றி, குறியேற்றம் மாறியபோதெல்லாம் தானும் மாறி, இன்று ஒருங்குறியில் நிற்கிறது. இ-கலப்பையும் விலையின்றியே வந்தது. பூட்டிய தொகுப்புகள் பல மறைந்தன. பொதுவில் வைத்தவை வாழ்கின்றன.

இன்று கைப்பேசியில் சிறுவனும் ஒருங்குறியில் எழுதுகிறான். அதனால் சிக்கல் தீர்ந்ததா? இல்லை! அந்த இருபதாண்டுத் தமிழ் எங்கே? கதையும் ஆய்வும் சிற்றிதழும் பழைய எழுத்துருக்களில், பழைய வட்டுகளில், அச்சகப் பரண்களில் கிடக்கின்றன. ஓலையைச் செல்லரித்தது, வட்டை ஈரமும் துருவும் அரிக்கின்றன. எழுதியோர் பலர் மறைந்தனர். மாற்றிகள் விலையின்றிக் கிடைக்கின்றன; கோட்டூரில் தமிழ் இணையக் கல்விக்கழகம் இருக்கிறது. பதிப்பகங்கள் தம் பழங்கோப்புகளைத் தரட்டும். அரசு அவற்றைத் திரட்டி ஒருங்குறியாக்கட்டும். எழுதியோரின் உரிமை காத்துப் பொதுவில் வைக்கட்டும்.

நாளை தமிழ்ப்பேச்சுக்கும் தமிழ்மொழிபெயர்ப்புக்கும் கருவி விற்க வருவோரிடம் தமிழர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுவே: 'உன் கருவியை விட்டு விலகும் நாளில், என் தமிழ் என்னோடு வருமா?' வாராதெனின், அக்கருவி வேண்டா! விற்பவன் கருவியை விற்கட்டும். தமிழைப் பூட்ட எவனையும் விடற்க!