ஐயரம்மாவின் சாட்சி

ரொம்ப நாளாக மனசில் கிடந்து உறுத்துகிற விஷயம். எழுதினால் ஊரில் சித்தப்பா, பெரியப்பா எல்லாம் கோபித்துக்கொள்வார்கள் என்று தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தேன். புனேக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவில் ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிற தைரியத்தில் இப்போது எழுதுகிறேன் :-)

நாங்கள் போகிற தமிழ் ஆராதனையின் ஐயர் (எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சி.எஸ்.ஐ. போதகரை ஐயர் என்றுதான் சொல்வோம், அவர் மனைவி ஐயரம்மா, வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்) போன மாதம் பன்னிரண்டு பக்கம் கையெழுத்துப் பிரதி ஒன்றைக் கொடுத்தார். சபை ஆண்டு விழா மலருக்காக அவருடைய சாட்சி. "தம்பி, இதுவரைக்கும் பேசித்தான் பழக்கம், எழுதுறது இதான் முதல் தடவை. ஒற்றுப்பிழை மட்டும் பாத்துக் குடுங்க" என்றார்.

சாட்சி என்றால் தெரியாதவர்களுக்கு: ஒருவர் எப்படி விசுவாசத்துக்குள் வந்தார், எப்படி ஊழியத்துக்கு அழைக்கப்பட்டார் என்று சபைக்கு முன்னால் சொல்வது. ஐயருடையது நல்ல சாட்சிதான். தூத்துக்குடியில் கம்பெனி வேலை, அப்பாவின் திடீர் மரணம், ராத்திரி ஜெபம், வேலையை ராஜினாமா செய்தது. சந்திப்பிழைகளைத் திருத்திக்கொண்டே ஏழாம் பக்கம் வந்தபோது ஒரு வரி இருந்தது. நர்ஸ் வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் தேவசித்தத்துக்குத் தன்னை ஒப்புக்கொடுத்தாராம். அவ்வளவுதான். பன்னிரண்டு பக்கத்தில் அந்த அம்மாவுக்கு ஒரே ஒரு வரி.

வேறு சமயமாக இருந்தால் நானும் தாண்டிப் போயிருப்பேன். ஆனால் அந்த வாரம்தான் பக்கத்து வீட்டுக் காக்கூ கொடுத்த ஒரு மராத்திப் புத்தகத்தைத் தட்டுத் தடுமாறிப் படித்துக்கொண்டிருந்தேன். லட்சுமிபாய் திலக் எழுதிய 'ஸ்மிருதிசித்ரே'. மகாராஷ்டிராவில் குடியிருக்கிற நம் ஆட்கள் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்று தெரியவில்லை. பதினைந்து வருஷம் இங்கே குப்பை கொட்டிய எனக்கே தெரியாது. திலக் என்றால் லோகமான்யர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

இந்தத் திலக் வேறு. நாராயண் வாமன் திலக், 1861ல் ரத்னகிரி மாவட்டத்தில் பிறந்த சித்பாவன் பிராமணர், கவிஞர். 1893ல் ராஜ்நாந்த்காவுக்கு ரயிலில் போகும்போது எதிரே உட்கார்ந்திருந்த வெள்ளைக்காரர் ஒருவர் பேச்சுக் கொடுத்து, கையில் ஒரு புதிய ஏற்பாட்டையும் கொடுத்து, இரண்டே வருஷத்தில் நீங்கள் கிறிஸ்தவர் ஆகிவிடுவீர்கள் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாராம். மலைப்பிரசங்கத்தில் பிடிபட்டவர் திரும்பவில்லை. 1895 பிப்ரவரியில் பம்பாயில் ஞானஸ்நானம். பிறகு அஹமத்நகரில் (2024ல் பெயர் மாறி இப்போது அஹில்யாநகர்) அமெரிக்கன் மராத்தி மிஷனில் ஊழியம், குருப்பட்டம். துக்காராமின் அபங்கங்களைப் பாலமாக வைத்துத்தான் தான் கிறிஸ்துவிடம் வந்தேன் என்று சொல்லிக்கொண்டவர் இவர். ஞானப்பாட்டுகளை மேல்நாட்டு மெட்டுக்கு மொழிபெயர்க்காமல் அபங்கமாகவும் கீர்த்தனமாகவும் மராத்திக்காரனின் காதுக்கு எழுதினார். இன்றைக்கும் மராத்தி சபைகளில் அவர் பாட்டு இல்லாத ஞாயிறு அபூர்வம். நம்ம ஊரில் வேதநாயகம் சாஸ்திரியார் பண்ணிய வேலை மாதிரி.

இதுவரை சொன்னது திலக்கின் சாட்சி. சபைகளில் சொல்லப்படுவதும் இவ்வளவுதான்.

லட்சுமிபாய் புத்தகத்தில் இதே கதை அடுப்படியிலிருந்து வருகிறது. 1868ல் பிறந்தவர், பதினோரு வயசு வாக்கில் கல்யாணம். பிறந்த வீட்டில் அப்பாவுக்கு மடி, தீட்டு என்று ஒரு வெறி. கடைச் சாமான் கழுவாமல் உள்ளே வராது. புருஷனோ சொல்லாமல் கொள்ளாமல் வீட்டை விட்டுக் கிளம்பிப் போகிறவர், கையில் காசு இருந்தால் எதிரே வருகிறவனுக்குக் கொடுத்துவிட்டு வருகிறவர். இதையெல்லாம் அந்தம்மா புலம்பலாக எழுதவில்லை, சிரிக்கச் சிரிக்க எழுதியிருக்கிறார். ஆனால் 1895க்கு வந்ததும் நமக்குச் சிரிப்பு நின்றுவிடுகிறது. பம்பாயில் அவர் ஞானஸ்நானம் எடுக்கும்போது இவர் கூட இல்லை. புருஷன் உயிரோடு இருக்கும்போதே இல்லாதவள் மாதிரி, சின்னப் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு உறவுக்காரர்கள் வீட்டில் நாலு வருஷத்துக்கு மேல். அப்புறம் அவரோடு சேர்ந்து வாழப் போன பிறகும் சமையல் தனி, தண்ணீர் தனி. அந்த ஆசாரத்தை அவர் தானே யோசித்து யோசித்துத்தான் உதறினார். 1900ல் தானும் ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார்.

அவர் திலக்கைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை. எழுத்து சொல்லிக்கொடுத்ததே புருஷன்தான். 'கிறிஸ்தாயன்' என்ற காவியத்தைத் தொடங்கிவிட்டு 1919ல் திலக் இறந்துபோக, மீதிப் பெரும்பகுதியை எழுதி முடித்தது லட்சுமிபாய். பாலகவி என்று மராத்திக்காரர்கள் கொண்டாடும் தோம்பரே இளைஞனாக அவர்கள் வீட்டில்தான் தங்கியிருந்தார். அந்தப் பிள்ளைக்குச் சோறு போட்டது யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது என் வீட்டுக் கதை. என் அப்பா போஸ்ட் ஆபீஸ் வேலையை 1984ல் விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போனவர். எனக்கு அப்போது எட்டு வயசு, தங்கைக்கு மூன்று. கன்வென்ஷன் கூட்டங்களில் அப்பாவின் சாட்சியை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அதில் அம்மா வருவது ஒரே இடத்தில்: "என் மனைவிகூட முதலில் தடையாகத்தான் இருந்தாள்." கூட்டம் "ஸ்தோத்திரம்" என்று சொல்லும். அம்மா பெண்கள் பக்கம் தலையில் முக்காடோடு உட்கார்ந்திருப்பாள். என் ஸ்கூல் ஃபீசுக்கு அவள் செயின் போனது, ராத்திரி பன்னிரண்டு மணி வரை தையல் மிஷின் ஓட்டியது, இதெல்லாம் எந்த மேடையிலும் வரவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. யாரும் தொடப் பயந்த நோயாளிகளோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். அவரை நினைத்து இன்றைக்கும் எனக்குப் பெருமைதான். ஆனால் தடை என்ற வார்த்தையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இது கிறிஸ்தவர்களின் வியாதி மட்டும் இல்லை. பட்டினத்தார் கதையைச் சொல்கிறவர்கள் காதறுந்த ஊசியோடு நிறுத்திவிடுகிறார்கள். வீட்டில் இருந்த சிவகலை மறுநாள் காலையில் என்ன செய்தாள் என்று எந்த உபன்யாசகரும் சொல்லி நான் கேட்டதில்லை.

என் கட்சி இதுதான். அழைப்பு ஒருத்தருக்கு வரலாம். அதற்கான விலையை வீடு முழுக்கக் கொடுக்கிறது. அப்படியிருக்க சாட்சியை ஒருத்தர் மட்டும் சொன்னால் அது பாதி சாட்சி. பாதி சாட்சியை எந்தக் கோர்ட்டும் ஏற்றுக்கொள்ளாது, சபை மட்டும் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்? "ஊழியக்காரன் மனைவி குறை சொன்னால் இடறல் உண்டாகும்" என்பார்கள். லட்சுமிபாய் எழுதினதைப் படித்து யாரும் இடறி விழுந்ததாகத் தெரியவில்லை. சொல்லப்போனால், கோயிலுக்கு மட்டுமே போகிற என் பக்கத்து வீட்டுக் காக்கூ அந்தப் புத்தகத்தை அலமாரியில் ஞானேஸ்வரிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார். ஐயரின் பன்னிரண்டு பக்கத்தை அங்கே வைப்பாரா?

பிரதியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது ஐயரிடம் சொல்லியே விட்டேன். "ஆறு பக்கம் நீங்க வச்சுக்கிடுங்க ஐயா, ஆறு பக்கம் அம்மா எழுதட்டும்." அவர் முகம் கொஞ்சம் மாறிவிட்டது. "அவளுக்கு எழுத வராதே தம்பி" என்றார். உள்ளேயிருந்து காபி கொண்டுவந்த ஐயரம்மா, "பத்து வருஷம் வார்டுல நைட் ரிப்போர்ட் எழுதுனவ நான்" என்று சொல்லிவிட்டு டம்ளரை வைத்தார். மலருக்குக் கட்டுரை கொடுக்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. என்ன நடக்கும் என்று தெரியவில்லை.

அம்மா இப்போது எங்களோடுதான் இருக்கிறாள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு லட்சுமிபாய் புத்தகத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வருகிறேன். மராத்தி எனக்குத் தடுக்கும் இடத்தில், இங்கேயே பிறந்து வளர்ந்த மகள் எடுத்துக் கொடுக்கிறாள். சமையல் தனி, தண்ணீர் தனி என்று வந்த இடத்தில் அம்மா நிறுத்தினாள்.

"ஏல, அந்தம்மா அப்ப தண்ணி எங்க போயி எடுத்தா?"

தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். "பாத்துச் சொல்லு. எங்க வீட்டுல அந்த வருசம் நான் வண்ணாரப்பேட்டைக்கு நடந்தேன்" என்றாள். நாற்பது வருஷமாக இது எனக்குத் தெரியாது. மகள் போய்த் தன் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள்.