கட்டுமரமும் அம்மணி உழுவையும்

துடுப்புப் படகில் மீன்பிடிக்கச் சென்ற ஒருவரைக் கடலில் பெருவிலங்கு ஒன்று எதிர்ப்பட்டதென்று செய்தி வருமாயின், அதனை வெளியிடுவோர் முதற்கண் தேடியெடுக்கும் சொல் ‘தாக்குதல்’ என்பதே. விலங்கு படகை முட்டினாலும் தாக்குதல். பக்கத்தே நீந்திச் சென்றாலும் தாக்குதல். அஞ்சி மூழ்குங்கால் அதன் வால் பட்டுவிட்டாலும் தாக்குதல். இச்சொல் பெரும்பாலும் பிழையென்பதும், அப்பிழையினால் துன்புறுவது விலங்கு மட்டுமன்று, மீனவனுமே என்பதும் எமது கருத்து. இக்கருத்து நூலகத்திற் பிறந்ததன்று. சென்ற மாசித் திங்களில், முட்டத்துக் கலங்கரை விளக்கம் பின்னே சிறுத்துத் தோன்றும் தொலைவில், ஒரு கட்டுமரத்தின்மேல் நடுங்கிக்கொண்டு அமர்ந்திருந்தபோது யாம் அடைந்தது.

கட்டுமரம் இன்று அருகிவிட்டது. இயந்திரம் பூட்டிய கண்ணாடியிழைப் படகே எங்கும் காணப்படுகின்றது. ஆயினும் எமக்குப் பழக்கமான முதியவர் ஒருவர், ஊரார் யாவரும் ‘பாட்டா’ என்றழைக்கும் பெரியவர், தம் பழைய மரத்தை விடாது வைத்திருக்கின்றார். பெருங்கடலுக்கு மக்களின் படகிலும், தூண்டிலுக்குத் தம் மரத்திலும் செல்வது அவர் வழக்கம். கட்டுமரம் என்பதைப் படகு என்று சொல்லுதலும் அத்துணைப் பொருந்தாது. நீரை வெளியே நிறுத்தும் பலகைச் சுவர் அதற்கில்லை. எடைகுறைந்த மரங்கள் சிலவற்றை நெடுக்கே சேர்த்துக் கயிற்றாற் பிணைத்ததே அது. அலை மேலே ஏறும். இடுக்கு வழியே இறங்கும். அமர்ந்திருப்பவன் இடுப்பு வரை நனைந்தே இருப்பான். நம் முன்னோரின் இச்சொல்லை 1697-இல் வெளிவந்த தம் யாத்திரை நூலில் வில்லியம் டாம்பியர் என்னும் ஆங்கில மாலுமி எழுதிவைத்தார். இன்று மேனாட்டார் அச்சொல்லால் இரட்டை உடல் கொண்ட உல்லாசக் கலங்களைக் குறிக்கின்றனர். சொல் கரையேறிச் செல்வம் பெற்றது; பொருள் நம் கடற்கரையிலே வறுமையுற்றுக் கிடக்கின்றது.

மேனாடுகளில் இக்காலத்துப் பலர் காயாக் என்னும் சிறு தோணியில் கடலிற் சென்று தூண்டிலிடுகின்றனர். வடதுருவத்தை அடுத்து வாழும் இனுயிட் மக்கள் சட்டத்தின்மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்துச் செய்த வேட்டைத் தோணியே அதன் மூலம். இப்போது அது நெகிழியால் வார்க்கப்படுகின்றது. காயாக்குக்கும் கட்டுமரத்துக்கும் வடிவில் உறவில்லை. ஆனால் இரண்டிலும் செல்பவனது நிலை ஒன்றே: இயந்திர ஓசை இல்லை, நீருக்கும் தனக்கும் இடையே ஒரு சாண் உயரமும் இல்லை, கீழே எது வந்தாலும் அது வந்த பின்னரே தெரியும்.

அன்று எமக்கும் அவ்வாறே தெரிந்தது. பொழுது புலர்ந்து ஒரு நாழிகை ஆயிற்று. காற்று அடங்கியிருந்தது. பாட்டா இரண்டு பாறை மீன்களைப் பிடித்து மரத்தோடு கட்டிய கூடையிலே இட்டிருந்தார். யாம் ஒன்றும் பிடிக்கவில்லை. தூண்டிற்கயிற்றைச் சிக்கலாக்கியதே எம் தொழில். அப்பொழுது மரத்தின் இடப்புறத்தே நீரின் நிறம் மாறிற்று. மேகத்தின் நிழலென்று முதலில் எண்ணினோம். வானத்திலே மேகமில்லை. அந்நிழலில் வெண்புள்ளிகள் தோன்றின. வரிசை வரிசையாக, கரிய பலகைமேல் சுண்ணக்கட்டியால் இட்டாற்போலத் தோன்றின. பின்னர் அது எம் கீழே புகுந்தது. தலை ஒருபுறம் தெரிய, வால் மறுபுறம் இன்னும் வந்து முடியவில்லை. எம் மரத்தைப்போல் இருமடங்கு நீளம் இருக்கக்கூடும். அச்சம் அளவைப் பெருக்கிக் காட்டுமாதலால் அதற்குமேல் உறுதி கூறோம். அதன் முதுகு மரத்தின் அடியை உராய்ந்தது. மரம் ஒரு விரற்கடை உயர்ந்து மீண்டும் அமர்ந்தது.

யாம் கூவினோம் என்று பாட்டா சொல்கின்றார். எமக்கு நினைவில்லை. அவர் துடுப்பை மடிமேல் வைத்துவிட்டுத் தூண்டில்களைச் சுருட்டத் தொடங்கினார்.

“சாரே, கையத் தண்ணில போடாதீங்க. அம்மணி உழுவையாக்கும். ஒண்ணுஞ் செய்யாது. சும்மா இருந்தா அது அதுக்க பாட்டுக்குப் போவும்.”

அது உடனே போகவில்லை. இருமுறை சுற்றிவந்தது. ஒருமுறை வாயைத் திறந்து நீரை வாங்கிற்று. அவ்வாய் எம் வீட்டு வாயிற்கதவின் அகலம் இருந்தது. அரை நாழிகைக்குப் பின் தலையைத் தாழ்த்தி ஆழத்திற் சென்றது. அதன் வாலைக் கண்ணால் தொடர்ந்தோம்; ஒரு சிறு சுழி மேலே எழுந்து பரந்தது; அவ்வளவே.

நூல்களில் திமிங்கிலச் சுறா என்று வழங்கும் மீன் இதுவே. திமிங்கிலம் அன்று, செவுளால் மூச்சுவிடும் சுறா இனத்தது. உலகத்து மீன்கள் எல்லாவற்றினும் பெரியது; பன்னிரண்டு மீட்டருக்கு மேலும் வளர்வது. இத்துணைப் பெரிய உடலை அது வளர்ப்பது நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களாலும், முட்டைகளாலும், சிறு மீன்களாலும். ஆயிரக்கணக்கான பற்கள் இருந்தும் அவை தீப்பெட்டிக் குச்சியின் தலையளவே, கடித்துண்ண உதவா. மனிதனை உண்ணும் கருவியும் அதற்கில்லை, கருத்தும் இல்லை. மிதக்கும் பொருளின் நிழலில் சிறு மீன் கூடும்; சிறு மீனைத் தேடிப் பெரு மீன் வரும். எம்மை நாடி அது வந்ததன்று. எம் மரத்தை மிதக்கும் கட்டையென்று கருதி வந்தது, கருதியது சரியே.

எல்லாச் சந்திப்பும் இவ்வாறு இனிதே முடியும் என்று வாதிப்பது எம் நோக்கமன்று. 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஹவாயித் தீவுகளுள் ஒன்றான ஓவாகுவின் கரைக்கு அப்பால் காயாக்கில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஒருவர்மேல் புலிச்சுறா ஒன்று வாய்திறந்து மோதிற்று. அவர் காலால் அதன் தலையை உதைத்துத் தள்ளினார். படகிலிருந்த படக்கருவி அதனைப் பதிந்தமையால் உலகமெங்கும் பலர் கண்டனர். புலிச்சுறா மெய்யாகவே கடிக்க வல்லது. அதனை அம்மணி உழுவையோடு சேர்த்தெண்ணுவது அறியாமை. ஆயினும் அங்கும் அது ஒருமுறை முட்டி, தான் தேடிய இரை அதுவன்று என்று கண்டாற்போல விலகிற்று, மனிதருக்குக் காயமில்லை. 2025 பிப்ரவரியில், சிலி நாட்டின் தென்கோடியில், மகல்லன் நீரிணையிலே காற்றடைத்த சிறு தோணியிற் சென்ற இளைஞர் ஒருவரைக் கூனல்முதுகுத் திமிங்கிலம் தோணியோடு வாயில் அள்ளிச் சில நொடிகளில் வெளியே விட்டது. அவர் தந்தை அருகிலே மற்றொரு தோணியில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். யோனாவின் சரித்திரத்தை நினையாதவர் நம் வாசகருள் இரார். ஆனால் அத்திமிங்கிலத்தின் உணவுக்குழல் மனிதனை விழுங்க இடந்தராது. சிறு மீன் கூட்டத்தை அள்ளுமிடத்து இடையே தோணி அகப்பட்டது. பந்தியிலே இலைக்கு நடுவே சென்று நின்றவன், பரிமாறுகிறவன் தன்மேல் குழம்பை ஊற்றித் தாக்கினான் என்று முறையிடுவது போன்றதே இது.

இனி, இச்சொற்பிழையால் மீனவன் துன்புறுவது எவ்வாறு என்று கேட்கலாம். விலங்கு மனிதனைத் தாக்குவதே செய்தி என்று நாம் பழகிவிட்டமையால், மனிதனுடைய வலை விலங்கைச் சந்திப்பது செய்தியாவதில்லை. மெய்யான இடர் அங்கேதான் உள்ளது. 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையிலும் அதனை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்தொதுங்கின. ஆமை மூச்சுக்கு மேலே வரவேண்டிய உயிர். இழுவலையில் அகப்பட்டு நெடுநேரம் நீருள் இழுபடுமாயின் மூழ்கி இறக்கும். அவ்வலையை இழுப்பவர் அந்த ஆமையின் முகத்தைக் காண்பதில்லை. கட்டுமரத்தில் இருப்பவனோ விலங்கின் கண்ணைக் காண்கின்றான். காண்பவன்மேலே சட்டத்தின் பாரம் முழுவதும் விழுகின்றது.

பாட்டாவின் வரலாறு இதற்குச் சான்று. சில ஆண்டுகளுக்கு முன் அவர் மக்களின் படகிலிருந்து விட்ட வலையில் அம்மணி உழுவை ஒன்று சுற்றிக்கொண்டது. 2001-ஆம் ஆண்டு மே மாதம் முதல் அம்மீன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலே உள்ளது. கரைக்குக் கொணர்ந்தால் சிறை. அதனைப் பாட்டா அறிவார். சட்டம் இல்லாவிடினும் அதனைக் கொல்லும் மனம் அவருக்கில்லை. கத்தியை எடுத்து வலையை அறுத்தார். மீன் போயிற்று, வலையின் பாதியும் போயிற்று. கடன்பட்டு வாங்கிய வலை. மறுவாரம் ஓர் அலுவலகத்துக்குச் சென்று முறையிட்டார். அங்கிருந்தவர் கேட்ட கேள்வி ஒன்றே: சாட்சி எங்கே? கடல் நடுவே சாட்சி ஏது? வலையின் கிழிசலைக் காட்டினார். கிழிந்த வலை கடற்கரையில் எவனிடத்தில் இல்லை என்றார்களாம். அலுவலரும் தம் விதிக்குக் கட்டுப்பட்டவரே. அவரைக் குறைகூற யாம் துணியோம். ஆயினும் பாட்டா இரண்டு மாதம் பிறர் படகிலே கூலிக்குச் சென்றார்.

“அடுத்த தடவ என்ன செய்வீங்க பாட்டா?” என்று அன்று கரைக்குத் திரும்புகையில் வினவினோம்.

“அத மட்டும் கேக்காதீங்க சாரே” என்றார்.

இவ்விடை எம்மை உறங்கவொட்டாமற் செய்தது. நல்லறிவும் நல்லெண்ணமும் உடைய ஒருவரை இவ்வாறு சொல்லும் நிலைக்குக் கொணர்ந்தது சுறாவன்று. வேறிடங்களில் இதற்கு வழி கண்டிருக்கின்றனர். குஜராத்தின் வேராவல் கரையில் ஒருகாலத்தில் இம்மீனை ஈட்டியெறிந்து கொன்றனர். ஈரலின் எண்ணெயை மரப்படகுகளுக்குப் பூசினர். இறைச்சியை வெளிநாட்டுக்கு விற்றனர். ஓடாதபடி பீப்பாய்களைக் கட்டி இழுத்தமையால் அதன் பெயரே பீப்பாய் மீன் என்றாயிற்று. 2004 முதல் அங்கே நடந்த இயக்கம் அதற்கு வேறு பெயர் கொடுத்தது: ‘வஹாலி’, அன்புக்குரியவள். பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வரும் மகளென்று கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு ஊர்தோறும் எடுத்துரைத்தார். மகள் என்றபின் ஈட்டி எறிவார் யார்? அதன் பின்னர் நூற்றுக்கணக்கான மீன்களை அம்மீனவரே வலையறுத்து விடுத்தனர்.

ஆனால் பெயர் மட்டும் இதனைச் செய்தது என்று எண்ணுதல் பேதைமை. அறுத்த வலைக்கு அரசு பணமும் கொடுத்தது. மீனவர் தாமே எடுத்த நிழற்படம் சான்றாக ஏற்கப்பட்டது. அதற்கெனப் படக்கருவிகளும் வழங்கப்பட்டன. மராட்டிய மாநிலத்திலும் 2018 முதல் இத்தகைய விலங்குகளை விடுவிக்க அறுத்த வலைக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு கொடுக்கும் திட்டம் உள்ளது. பரிசளிப்பும் பாராட்டு விழாவும் நல்லனவே. ஆனால் பொன்னாடையைக் கடலில் விரித்து மீன் பிடிக்க இயலாது. அறுத்த வலையின் விலை அறுத்தவனுக்கு அந்தப் பருவம் முடியுமுன் கைக்கு வரவேண்டும். நம் கரையின் எவ்வூரிலும், எவருடைய தயவையும் நாடாமல் வரவேண்டும். இதுவே எமது வாதம். விலங்கைக் காக்கும் செலவு நாடு முழுவதற்கும் உரியதாயிருக்க, அதனைக் கடன்பட்ட ஒருவன் தலையிலே சுமத்துவது எவ்வாற்றானும் நீதியாகாது.

சாட்சியைப் பற்றி ஒரு செய்தி. அம்மணி உழுவையின் புள்ளிகள் மனிதனின் கைரேகை போல ஒவ்வொன்றுக்கும் வேறாயிருப்பவை. விண்மீன் கூட்டங்களை ஒப்பிட வானநூலார் வகுத்த கணக்கு முறையைக் கொண்டே அப்புள்ளிகளை ஒப்பிட்டு, இன்ன மீன் இதுவென்று ஆராய்ச்சியாளர் அறிகின்றனர். எனவே செவுளின் பின்புறத்தைத் தெளிவாக எடுத்த ஒரு படம் இருப்பின், அது மீனவனுக்கு இழப்பீட்டுச் சீட்டு. விலங்கியலாருக்கு ஒரு பிறப்புப் பதிவேடு. பாட்டாவிடம் இதனைச் சொன்னோம். அவர் நகைத்து, வலை இழுக்கும் கையில் கைப்பேசியை எவன் பிடிப்பான் என்றார்.

அவருடைய பேரன் நம் கல்லூரியில் இவ்வாண்டு விலங்கியல் முதல் வகுப்பில் சேர்ந்துள்ளான். விடுமுறை நாட்களில் தந்தையின் படகில் செல்கின்றவன். நீர்புகாப் பையொன்று வாங்கிக் கொடுத்திருக்கின்றோம். கடற்கரை ஊர்களிலிருந்து நம் வகுப்புகளுக்கு வருவோர் இன்னும் பலர் உளர். அவர்கள் பெயர்களைத் தந்துதவுமாறு ஆசிரியர்களையும், இழப்பீட்டு விண்ணப்பத்தை எழுதும் முறையைக் கற்பிக்குமாறு அரசுப் பணியிலிருக்கும் பழைய மாணவர்களையும் வேண்டிக்கொள்கின்றோம். பங்குனி பிறந்துவிட்டது. கச்சான் காற்று எழுமுன் இன்னும் சில வாரங்களே கடல் அமைதியாயிருக்கும்.