தோடிக்கு எதுக்குய்யா குவான்டைஸர்?

தாராவி 90 அடி ரோட்டுல இருந்து ஒரு தம்பி லிஸ்ட் ஒண்ணு அனுப்பியிருக்கான். மாதுங்காவுல ஒன்பது வருஷம் வயலின் கத்துக்கிட்டவன். இப்போ ஐரோலியில வேலை. பதினாலு மாசமா சம்பளத்துல ஒதுக்கி ஒதுக்கி ஒரு தொகை சேர்த்திருக்கான். அதுல மாட்யுலர் சிந்தசைஸர் கட்டப் போறானாம். ரெண்டு ஆஸிலேட்டர், ஒரு ஃபில்டர், ஒரு சீக்வென்ஸர், ஒரு குவான்டைஸர், தானா சுரம் உருட்டிவிடுற ரேண்டம் மாட்யூல் ஒண்ணு, எல்லாத்துக்கும் மேல தெளிக்க ஒரு ரிவெர்ப். "சரியா இருக்காண்ணே?"

விஷயம் தெரிஞ்ச யாரைக் கேட்டாலும் "சூப்பர் லிஸ்ட்"னுதான் சொல்லுவாங்க. ஆரம்பிக்கிறவங்களுக்குன்னு யூடியூபுல வர்ற வீடியோவுல பாதிக்கு மேல இதே லிஸ்ட்தான், கம்பெனி பேருதான் மாறும். எனக்கு அதைப் பார்த்ததும் பத்திக்கிட்டு வந்துச்சு. தம்பி மேல இல்லீங்க, இந்த லிஸ்ட்டை ஊரு உலகத்துக்கெல்லாம் பொதுவான வேதம் மாதிரி விக்கிறவங்க மேல. ஒன்பது வருஷம் வயலின் வாசிச்ச கைக்கு இதுல ஒரு வேலையும் இல்ல. அதை யாரும் அவன்கிட்ட சொல்லல.

மாட்யுலர்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு ரெண்டே வரி. சாதாரண கீபோர்டுல எல்லாம் உள்ளேயே இணைச்சு வச்சிருப்பாங்க. மாட்யுலர்ல சத்தம் போடுறது தனிப் பெட்டி, சத்தத்தை வடிகட்டுறது தனிப் பெட்டி, கூட்டிக் குறைக்கிறது தனிப் பெட்டி. நாமளே வாங்கி, ரேக்ல அடுக்கி, வயர் குத்தி இணைக்கணும். ஜெர்மனியில டைட்டர் டோப்ஃபர் 1996 வாக்குல கொண்டுவந்த யூரோராக் அளவுதான் இன்னிக்கு உலகம் பூரா ஓடுது. எந்தக் கம்பெனி மாட்யூலும் எந்தக் கம்பெனி மாட்யூலோடயும் பேசும். பேசுற பாஷை வோல்டேஜ். ஒரு வோல்ட் ஏத்தினா சுரம் ஒரு ஸ்தாயி மேல போகும். ஒரு ஸ்தாயியில பன்னிரண்டு அரைச்சுரம், அதனால அரைச்சுரம் ஒண்ணுக்கு சுமார் 83 மில்லிவோல்ட்.

இந்த 83-ஐ ஞாபகம் வச்சுக்குங்க. சண்டையே அதுலதான்.

ஒரு வயர்ல ஓடுற வோல்டேஜுக்கு 83-ம் தெரியாது, 167-ம் தெரியாது. 83-க்கும் 84-க்கும் நடுவுல எங்க வேணா நிக்கும், எப்படி வேணா வழுக்கும். அதாவது மாட்யுலர் சிந்தசைஸர் பிறக்கும்போதே வயலின் மாதிரி, கட்டை இல்லாத வாத்தியம். அதுக்கு கட்டை மாட்டிவிடுறதுதான் குவான்டைஸரோட வேலை. வர்ற வோல்டேஜை பக்கத்துல இருக்கிற படிக்கு இழுத்து நிறுத்திடும்.

இப்போ தோடியை எடுத்துக்குங்க. ஸட்ஜம் 0 வோல்ட்டுன்னா சுத்த ரிஷபம் 83, சாதாரண காந்தாரம் 250, சுத்த மத்யமம் 417 மில்லிவோல்ட். ஆனா தோடி பாடுறவங்க காந்தாரத்தை 250-ல கொண்டுபோய் நிறுத்துவாங்களா? நிறுத்தினா அது தோடியா? அந்தக் காந்தாரம் ரிஷபத்துப் பக்கமும் மத்யமத்துப் பக்கமும் ஆடிக்கிட்டே இருக்கும், அந்த ஆட்டத்துக்குத்தான் காந்தாரம்னு பேரு. இதைக் குவான்டைஸர் வழியா அனுப்பினா வளைவு போயிடும், படிக்கட்டு வரும். தோடிக்கான சுரங்களை மட்டும் ஏத்தி வச்சீங்கன்னா இன்னும் மோசம், 83, 250, 417-ன்னு மூணே படியில தடதடன்னு ஏறி இறங்கும். மாடிப்படியில சைக்கிள் ஓட்டின மாதிரி :-)

இந்தச் சண்டை நமக்குப் புதுசும் இல்ல. 1940-ல அகில இந்திய வானொலி ஹார்மோனியத்தைத் தடை பண்ணுச்சு. கட்டையில கமகம் வராது, சுரங்களுக்கு நடுவுல இருக்கிறதை அது முழுங்கிடுதுங்கிறதுதான் குற்றச்சாட்டு. 1971 வாக்குலதான் அந்தத் தடையைத் தளர்த்தினாங்க. தடை போட்டது சரின்னு நான் சொல்லல. நல்ல வாசிப்பையெல்லாம் முப்பது வருஷம் வெளியில நிறுத்தின வேலை அது. ஆனா அவங்க கேட்ட கேள்வி சரியான கேள்வி. கூத்து என்னன்னா, ஹார்மோனியத்துல கட்டையைப் பிடுங்க முடியாது, பாவம் அது பிறவி. மாட்யுலர்ல கட்டையே கிடையாது. நாமதான் யூரோவுல காசு கட்டி, சுங்கவரியும் ஐ.ஜி.எஸ்.டி.யும் அழுது, கட்டையை வரவழைச்சு மாட்டிக்கிறோம்.

வெள்ளைக்காரங்களே இதுல ரெண்டு கட்சியா நின்னவங்கதான். அறுபதுகள்ல கிழக்கே பாப் மூக், மேற்கே டான் புக்லா, ரெண்டு பேரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துல மாட்யுலர் செஞ்சாங்க. மூக்கோடதுல பியானோக் கட்டை வந்துச்சு. புக்லா அது வேணாம்னு தொடுதகடு வச்சார். கறுப்பு வெள்ளைக் கட்டையை முன்னால வச்சா கை பழைய பாட்டுக்குத்தான் போகும்ங்கிறது அவர் கட்சி. 1968-ல வெண்டி கார்லோஸ் மூக்குல பாக் வாசிச்ச ரெக்கார்டு பிச்சுக்கிட்டு ஓடுச்சு, கட்டை ஜெயிச்சிடுச்சு. எந்த மாட்யூலை வாங்குறீங்களோ அந்தச் சங்கீதத்தையும் சேர்த்துத்தான் வாங்குறீங்க. கடைக்காரன் இதைப் பெட்டி மேல எழுத மாட்டான்.

எனக்கு வரப்போற மறுப்பெல்லாம் தெரியும். ஒண்ணொண்ணா வர்றேன்.

"குவான்டைஸர் இல்லாம சுதி சேராதே?" வயலின்ல எப்படிய்யா சேருது? காது இருக்குல்ல. ஒன்பது வருஷம் அந்தக் காதுக்குத்தானே ஃபீஸ் கட்டியிருக்கான்.

"இருபத்திரண்டு ஸ்ருதியையும் ஏத்திக்கிற குவான்டைஸர் இருக்கே?" இருக்கு. பன்னிரண்டு படிக்குப் பதிலா இருபத்திரண்டு படி, அவ்வளவுதான். படி படிதான். நம்ம சுரம் பாதை, புள்ளி இல்ல.

"குவான்டைஸருக்குப் பின்னால ஸ்லூ போட்டு வழுக்க விட்டா?" இது கொஞ்சம் நல்ல கேள்வி. ஆனா அந்த வழுக்கல் எப்பவும் ஒரே வளைவு, அடுத்த படிக்குப் போய்ச் சேர்றது மட்டும்தான் அதோட குறி. கமகம் போய்ச் சேர்றதுக்காக ஆடுறது இல்லையே.

"அப்போ சரண்ஜித் சிங்?" வாங்க, இதுக்குத்தான் காத்திருந்தேன். நம்ம மும்பை சினிமா ரெக்கார்டிங்குகள்ல வாசிச்சவர். 1982-ல ரோலண்ட் கம்பெனியோட ஜூபிடர் 8, டிபி 303, டிஆர் 808 மூணையும் வச்சுக்கிட்டு பத்து ராகத்தை டிஸ்கோ தாளத்துல வாசிச்சு எச்.எம்.வி.யில ரெக்கார்டு போட்டார். அப்போ யாரும் சீந்தல. 2010-ல மறுபடி வெளியாச்சு, அப்புறம்தான் உலகமே வாயைப் பிளந்துச்சு. அவர்கிட்ட இருந்ததும் பன்னிரண்டு படிதானேன்னு கேப்பீங்க. ஆமா. ஆனா டிபி 303-ல சுரத்துக்குச் சுரம் வழுக்குற ஸ்லைடு உண்டு, ராகத்தை நகர்த்த அதைப் பிடிச்சுக்கிட்டார். என்ன சத்தம் வேணும்னு முதல்ல தெரிஞ்சது, மூணு மெஷின் போதும்னு நிறுத்தினார். இந்த லிஸ்ட்காரங்க முப்பது வாங்கினாலும் என்ன வேணும்னு தெரியாம அடுத்த பார்சலுக்குக் காத்திருக்காங்க.

சரி, திட்டினது போதும். தம்பி இடத்துல நான் இருந்தா எந்த வரிசையில எடுப்பேன்?

1. பெட்டியும் பவர் சப்ளையும். யாரும் இதைப் பத்தி வீடியோ போட மாட்டாங்க, ஏன்னா இது சத்தம் போடாது. பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட்ல ஒவ்வொரு மாட்யூலும் எத்தனை மில்லியாம்ப் இழுக்குதுன்னு கூட்டிப் பாருங்க. மொத்தத்துக்கு மேல மூணுல ஒரு பங்காவது மிச்சம் இருக்கணும். இதுல மிச்சம் பிடிச்சவன் பின்னால ஹம் சத்தத்தோட குடும்பம் நடத்துவான்.

2. ஆஸிலேட்டர், ஒண்ணே ஒண்ணு. நல்லா நிலைச்சு நிக்கிறதா. அனலாக் ஆஸிலேட்டர்ல சூட்டைச் சரிக்கட்டுற அமைப்பு இல்லைன்னா, ஒரு டிகிரி ஏறினா ஒரு ஸ்தாயிக்குச் சுமார் 4 சென்ட் விலகும் (அரைச்சுரத்துல நூறுல ஒரு பங்குதான் சென்ட்). மே மாசம் ஃபேன் மட்டும் ஓடுற ரூம்ல அஞ்சு டிகிரி மாறுறது சகஜம், அதாவது 20 சென்ட். பின்னால தம்புரா ஓடும்போது அது பல்லுல கல்லு. அதனால சூடு சரிக்கட்டின அனலாக் வாங்குங்க, இல்ல கூச்சப்படாம டிஜிட்டல் வாங்குங்க. "டிஜிட்டலா, சேச்சே"ன்னு சொல்றவருக்குச் சுதியைப் பத்திக் கவலை இல்லைன்னு அர்த்தம்.

3. கை. இதுதான் முக்கியம். விரல் வச்சு இழுக்கிற ரிப்பன் கன்ட்ரோலர் ஒண்ணு. தம்பிக்கு இன்னும் நல்ல வழி இருக்கு, வயலினையே உள்ள விடுறது. மைக் சத்தத்தை மாட்யுலர் அளவுக்கு ஏத்தி, அதோட ஏத்த இறக்கத்தை வோல்டேஜா மாத்துற என்வலப் ஃபாலோயர் சேர்ந்த மாட்யூல் கிடைக்குது. வில்லை அழுத்தினா ஃபில்டர் திறக்கும், தளர்த்தினா மூடும். எந்த ரேண்டம் மாட்யூல் இதைச் செய்யும்?

4. வோல்டேஜால கட்டுப்படுத்துற ஸ்லூ லிமிட்டர். மேக் நாய்ஸ் கம்பெனியோட மேத்ஸ் இதையும் செய்யும், மெதுவா ஆடுற அலையையும் போடும், என்வலப்பும் தரும். ஒரு பெட்டியில மூணு வேலை.

5. ஒரு ஃபில்டர், ரெண்டு மூணு வி.சி.ஏ., ஒரு மிக்ஸர். அட்டென்யுவேட்டரும் மல்டிபிளும் வாங்கவே வாங்காதீங்க. கரண்ட்டே தேவைப்படாத சாமான் அது. லாமிங்டன் ரோடு போனா பொட்டென்ஷியோமீட்டர், 3.5 எம்எம் ஜாக் எல்லாம் கிடைக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம், ஒரு சால்டரிங் அயர்ன், முடிஞ்சது வேலை.

தம்புராவுக்குன்னு ரெண்டாவது ஆஸிலேட்டர் வேணாம். வீட்டுல எலக்ட்ரானிக் தம்புராப் பெட்டி இருக்குமே, அது போதும்.

பெட்டின்னதும் ஞாபகம் வருது. எதிர்க்கட்சியையும் விட்டுவைக்கக் கூடாது. மாதுங்கா, செம்பூர்ப் பக்கம் சபா வாசல்ல சில பெரியவங்க "மெஷின்ல ஏதுப்பா சங்கீதம்"னு கேப்பாங்க. மாமா, மேடையில பாடகர் பக்கத்துல உட்கார்ந்திருக்கிற அந்தக் குட்டிப் பெட்டி என்னவாம்? அதுவும் ஆஸிலேட்டர் வம்சம்தான். நமக்கு வேண்டியதை நம்ம ஆளுங்க யோசிச்சுச் செஞ்ச எலக்ட்ரானிக் வாத்தியம். நான் கேக்குறதும் அந்த யோசனையைத்தான்.

மாட்யுலரும் நேத்து வந்த சரக்கு இல்ல. 1969-லயே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துல ஒரு மூக் மாட்யுலர் வந்து இறங்குச்சு. அமெரிக்காவுல இருந்து டேவிட் டியூடர் வந்து அமைச்சுக் கொடுத்தார். பக்வாஜ் வாசிக்கத் தெரிஞ்ச கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா எல்லாம் அதுல வேலை பார்த்தாங்க. 1969-ல இருந்து 1972 வரைக்கும் பதிவு பண்ணின டேப்புகள் அங்கேயே பல வருஷம் தூங்குச்சு. பால் பர்கஸ் அதைத் தேடி எடுத்து, 2023-ல ஆல்பமா வெளிவந்துச்சு. ஐம்பது வருஷம் கழிச்சு நம்ம காதுக்கு வந்தது அந்த டேப்புங்கதான். ரேக்ல என்னென்ன மாட்யூல் இருந்துச்சுன்னு இன்னிக்கு யாரு கேக்குறா?

அதனால தம்பி, காசை இன்னும் ஆறு மாசம் பேங்க்லயே விடு. விசிவி ராக்னு ஒரு சாஃப்ட்வேர், 2017-ல இருந்து இலவசமாக் கிடைக்குது, நிஜ மாட்யுலர் மாதிரியே வயர் குத்தலாம். உன் லிஸ்ட்டையும் என் லிஸ்ட்டையும் அதுல அடுக்கிப் பாரு. வயலினை மைக்ல உள்ள விடு. வாரம் ஒரு பதிவு, ரெண்டு நிமிஷம் போதும். தோடி காந்தாரம் எந்த லிஸ்ட்ல ஆடுதோ அதை வாங்கு. ரெண்டுலயும் ஆடலைன்னா ஒண்ணும் வாங்காதே, உன் பதினாலு மாசச் சம்பாத்தியம் தப்பிச்சுது.

பி.கு.: இத்தனைக்கும் மேல வாங்கிட்டா, ரிப்பன் கேபிள்ல இருக்கிற சிவப்புக் கோடு மைனஸ் 12 பக்கம் வரணும். ரெண்டு தடவை பாரு. திருப்பி மாட்டினா தோடியும் வராது, பைரவியும் வராது, புகைதான் வரும் ;-)