பனியில் கருகிய தேயிலையைப் பிடுங்கலாமா?

''பள்ளத்தில் அரை ஏக்கர் இளம் தேயிலை, பைகளில் குச்சி நாற்றுகள் வைத்திருக்கிறேன். சென்ற வாரம் உறைபனியில் பல கருகிவிட்டன. பிடுங்கிவிடலாமா?''

- வாசகர், நீலகிரி மாவட்டம்.

''அவசரப்பட வேண்டாம். கருகிய கிளைகளை இப்போது வெட்டினால், புதிதாக வரும் துளிரும் அடுத்த பனியில் போய்விடும். பிப்ரவரி முடிந்ததும் தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. காய்ந்த பகுதியை மட்டும் வெட்டுங்கள்.

குளிர்ந்த காற்று கனமானது; பள்ளத்தில் தேங்கும். நாற்றுப் பைகளை மேட்டுக்கு மாற்றி, நிழல்வலைக்குக் கீழே வையுங்கள். மேகமில்லாத, காற்றில்லாத நாளில் மதியமே தண்ணீர் பாய்ச்சுங்கள். ஈரமண் பகல் வெப்பத்தைச் சேர்த்துவைத்து இரவில் வெளிவிடும். மாலையில் இளஞ்செடிகளைத் தாகை இலைகளால் மூடுங்கள். பிளாஸ்டிக் தாளானால் இலையில் படக் கூடாது.''